எந்த அசையில் அழுத்துவது?

எங்கள் டவுன்ஷிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பிழையில்லாமல் எழுதுகிறார்கள். ஆனால் போனில் இண்டர்வியூ என்றால், எதிர்முனையில் இருப்பவர் இரண்டு முறை 'பார்டன்?' என்கிறார், பிள்ளை சுருங்கிப்போகிறான். உடனே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டுகிறார்கள். அங்கே மூக்கால் பேசப் பழக்குகிறார்கள். இதில் எனக்குச் சம்மதமில்லை.

தமிழில் குறில் நெடிலானால் பொருள் மாறும்: படம், பாடம். எந்த அசையை ஓங்கிச் சொன்னாலும் பொருள் மாறாது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அங்கேயும் சொல்லுக்குச் சொல் இந்தத் தொல்லை கிடையாது. தொடரின் கடைசி அசையில் லேசாக அழுத்தினால் போதும். ஆங்கிலம் அப்படியில்லை. 'ரெக்கார்ட்' முதல் அசையில் ஓங்கினால் ஆவணம், இரண்டாவதில் ஓங்கினால் பதிவுசெய்வது. (கிளார்க்காக இருந்தவனுக்கு வேறு எந்தச் சொல் நினைவுக்கு வரும்!)

நெய்வேலிச் சொல்லையே பாருங்கள். 'எலெக்ட்ரிக்' என்பதில் 'லெக்' ஓங்கும். 'எலெக்ட்ரிசிட்டி' என்றதும் அழுத்தம் 'ட்ரி'க்குப் போய்விடும். 'இக்', 'இட்டி', 'ஷன்' என்று முடிந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசைதான் ஓங்கும். இதைச் சொல்லிக்கொடுக்க அரைமணி நேரம் ஆகுமா?

இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறருக்கு எவ்வளவு புரிகிறது என்று ஆர்.கே. பன்சால் ஆராய்ந்தார். ஹைதராபாத் மத்திய ஆங்கில நிறுவனம் 1969-இல் அதை நூலாக வெளியிட்டது. புரியாமல் போவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாக அவர் காட்டியது, அழுத்தம் இடம் மாறி விழுவதைத்தான். அரை நூற்றாண்டு கடந்தும் நம் வகுப்பறைகளில் ஸ்பெல்லிங்குக்கு இருக்கும் மரியாதை இதற்கு இல்லை. எழுத்துப் பரீட்சையில் காது எதற்கு?

நம் 'ட'வும் 'ர'வும் நம்முடையதாகவே இருக்கட்டும். லண்டன்காரர் மாதிரி பேச வேண்டாம். புதுச் சொல்லை நோட்டில் எழுதும்போதே ஓங்கும் அசைக்கு அடிக்கோடு போடச் சொன்னால் போதும். அகராதியில் அந்த அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும், பெரும்பாலோர் கவனிப்பதேயில்லை. ஓங்கும் அசையில் மட்டும் மேசையைத் தட்டிச் சொல்லிப் பார்க்கலாம். பேரப்பிள்ளைகளோடு 'டெவலப்மெண்ட்', 'சர்ட்டிஃபிகேட்', 'கமிட்டி' மூன்றையும் தட்டிப் பாருங்கள். நம் ஊரில் மூன்றுக்கும் முதல் அசையிலேயே அடி விழும். மூன்றிலும் இரண்டாவது அசையில்தான் தட்ட வேண்டும்.