விஜயா எண்ணெயும் ஸ்டீராய்டு மாத்திரையும்: ஆயுஷ் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மத்திய ஆயுஷ் அமைச்சகத்தின் செயலாளர் அவர்களுக்கு,

முடக்குவாதத்துக்காகப் பல வருடங்களாக பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வருபவள் நான். காலையில் விரல் மடங்காமல், பல் துலக்கும் பிரஷைக்கூடப் பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் அந்தச் சின்ன மாத்திரையின் அருமை தெரியும். கூடவே வரும் தொல்லைகளும் தெரியும். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும், ராத்திரியில் தூக்கம் பிடிக்காது. 1948இல் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார். 1950இல் அதற்காக நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். அன்றிலிருந்து இன்றுவரை ஸ்டீராய்டு அளவை எப்படிக் குறைக்கலாம் என்று யோசிக்காத நோயாளி இருக்க முடியாது. அந்த யோசனை இப்போது பலரைக் கஞ்சா இலைச் சாற்றில் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று சொல்வது செடியின் பூ, காய் உள்ள நுனிகளை. நுனி கலவாத இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. இலையில் செய்த எண்ணெயும் மாத்திரையும் 'விஜயா' என்ற பெயரில் ஆயுஷ் உரிமத்தோடு, இணையத்திலேயே விற்பனைக்குக் கிடைக்கின்றன. நான் அதை எதிர்த்து எழுதவில்லை. 1839இல் கல்கத்தாவில் ஓஷாக்னெஸி என்ற மருத்துவர் வாத நோயாளிகளுக்கு இந்தச் செடியின் சாற்றைக் கொடுத்துப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். 2006இல் பிரிட்டனில் 58 முடக்குவாத நோயாளிகளிடம் ஐந்து வாரம் ஓர் ஆய்வு நடந்தது. கஞ்சாச் செடியில் உள்ள டிஎச்சி, சிபிடி என்ற இரண்டு வேதிப்பொருள்களும் சேர்ந்த ஸ்ப்ரேயால் வலி குறைந்தது, தூக்கமும் மேம்பட்டது. சின்ன ஆய்வுதான். ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் வழக்கமான மருந்துகளை விடவில்லை; மேற்பார்வைக்கு மருத்துவர்கள் இருந்தார்கள்.

இங்கே நடப்பது வேறு. மருத்துவமனை வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லூபஸ் நோயாளி ஒருவர் கைப்பையிலிருந்து சொட்டுக்குப்பி ஒன்றை எடுத்துக் காட்டினார். நாக்குக்கு அடியில் விட்டுக்கொள்கிறாராம். "வலி இல்லைக்கா, நல்லாத் தூங்குறேன். ஸ்டீராய்டைப் பாதியாக் குறைச்சிட்டேன்" என்றார். டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "ஐயோ, கஞ்சான்னு சொன்னாத் திட்டுவாரு!" குப்பியை வாங்கிப் பார்த்தேன். மொத்தச் சாறு இத்தனை மில்லிகிராம் என்று இருந்தது. அதில் டிஎச்சி எவ்வளவு, சிபிடி எவ்வளவு என்று இல்லை. மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ளவும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. அவருக்கு இரண்டுமே வாசிக்க வராது.

அவர் தூங்கியது உண்மை, வலி அடங்கியதும் உண்மை. என் பயமே அதில்தான் இருக்கிறது. லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது பெரும்பாலும் வலிக்காது. மூட்டு உள்ளே அரிபடும்போதும் வலியை மட்டும் வைத்து அதை அளக்க முடியாது. நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களின் அட்ரீனல் சுரப்பி தானாகச் சுரப்பதைக் குறைத்துவிடும். மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வாந்தியும் மயக்கமும் வந்து, ரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். அந்த எச்சரிக்கை குப்பியில் எங்குமே இல்லை.

மருந்தோடு மருந்து மோதும் விஷயமும் இருக்கிறது. கல்லீரலில் சிஒய்பி3ஏ4 என்ற நொதி பல மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றுகிறது. சிபிடி அதைத் தடுக்கக்கூடியது. பிரட்னிசலோனும் ஓரளவு அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. லூபஸ் சிறுநீரக நோய்க்குக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் அதைவிட அதிகமாக அந்த நொதியை நம்பியிருக்கிறது. சிபிடி எடுத்த ஒரு நோயாளியின் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு ஏறக்குறைய மூன்று மடங்கு ஆனதாக 2019இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவர்களுக்குக் கல்லீரல் பரிசோதனை ஏற்கெனவே கட்டாயம். அதிக அளவு சிபிடியும் கல்லீரல் நொதிகளை உயர்த்தக்கூடும். இரண்டும் சேர்ந்தால் யார் பார்ப்பது? டிஎச்சி எழுந்து நிற்கும்போது தலைசுற்ற வைக்கும். ஸ்டீராய்டால் எலும்பு மெலிந்த ஐம்பது வயதுப் பெண் குளியலறையில் ஒருமுறை விழுந்தால் இடுப்பெலும்பு முறிந்துவிடலாம்.

ஐயா, தமிழ்நாட்டில் 'கஞ்சா' என்றதுமே போலீஸ்தான் ஞாபகத்துக்கு வரும். 2021 டிசம்பரில் போலீஸின் 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' நடந்த மாநிலம் இது. அந்தப் பயத்தில் நோயாளி அலோபதி டாக்டரிடம் வாயைத் திறப்பதில்லை. போனில் பேசி விஜயா எழுதித் தரும் வைத்தியர் ஸ்டீராய்டு சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறாரா என்பது அவரவர் அக்கறையைப் பொறுத்தது. பக்கவிளைவு வந்தால் அதைப் பதிவுசெய்ய அலோபதி மருந்துகளுக்குக் காசியாபாத்தில் ஒரு கண்காணிப்பு மையம், ஆயுஷ் மருந்துகளுக்கு டெல்லியில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகச் சாப்பிட்டவரின் கதையை முழுசாக எழுத ஒரே படிவம் வேண்டும். விஜயா எழுதும் ஒவ்வொரு சீட்டிலும் நோயாளி எடுக்கும் மற்ற மருந்துகளைக் குறிப்பது கட்டாயமாக வேண்டும். அந்தச் சீட்டின் நகல் அவருடைய மூட்டுவாத மருத்துவரிடமும் போக வேண்டும்.

விஜயாவையும் ஸ்டீராய்டையும் சேர்த்து ஆய்வு செய்ய வெகுதூரம் போக வேண்டாம். தாம்பரத்தில் உங்கள் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, சென்னை மருத்துவக் கல்லூரியில் மூட்டுவாதத் துறை இருக்கிறது. ஸ்டீராய்டு அளவு நிலையாக இருக்கும் நோயாளிகளை இரண்டும் சேர்ந்து ஆராயட்டும். நான் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன்.

அதற்குக் காலம் ஆகும் என்றால் லேபிளை மட்டும் இப்போதே மாற்றுங்கள். டிஎச்சி, சிபிடி அளவு தனித்தனியாக இருக்கட்டும். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்ற ஒரு வரி தமிழிலும் மற்ற மாநில மொழிகளிலும் இருக்கட்டும். எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தால் போதும் என்று சொல்வது மருந்து விதிகளின் 161ஆம் விதி. அதைத் திருத்த நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. வரைவை வெளியிட்டு, கருத்துக் கேட்டு, அரசிதழில் அறிவித்தால் போதும். அந்த வரைவை எப்போது எதிர்பார்க்கலாம் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முடக்குவாத நோயாளி ஒருத்தி