சதுர அடிக் கணக்கும் தொழிலாளர் உயிரும்

1911 மார்ச் 25-ம் தேதி நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை தீப்பற்றி எரிந்தது. 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் இளம் பெண் தொழிலாளர்கள். வெளியேறும் கதவு ஒன்று பூட்டிக் கிடந்தது. சூடேறியதும் தானே தண்ணீர் பொழியும் ஸ்பிரிங்க்ளர் அந்நாளிலேயே புழக்கத்தில் இருந்தது. முதலாளிகள் அதைப் பொருத்தவில்லை.

இன்று அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை தழுவியுள்ள மாதிரிக் கட்டிட விதி என்ன சொல்கிறது? துணி, மரம் போன்ற எரியும் பொருள்களைக் கையாளும் தொழிற்சாலையில் ஒரு தீப்பகுதி 12,000 சதுர அடியைத் தாண்டினால் ஸ்பிரிங்க்ளர் கட்டாயம். எல்லாத் தளங்களும் இடைத்தட்டுகளும் சேர்ந்து 24,000-ஐத் தாண்டினாலும் கட்டாயம். தீப்பகுதி என்றால், வெளிச்சுவர்களும் நெருப்பைத் தடுக்கும் சுவர்களும் சூழ்ந்த இடம். சுற்றிச் சுவர் இல்லாவிட்டாலும், கூரைக்குக் கீழுள்ள தளம் கணக்கில் சேரும்.

தந்திரம் நுழைவது இங்கேதான். 20,000 சதுர அடிக் கூடத்தின் நடுவே சுவர் எழுப்பினால், அது பத்தாயிரம் பத்தாயிரமாகப் பிரிந்துவிடும். ஸ்பிரிங்க்ளர் செலவு மிச்சம்! விதி இதை அனுமதிக்கிறது. ஆனால் அந்தச் சுவர் 3 மணி நேரம் நெருப்பைத் தாங்க வேண்டும் என்றும் விதிக்கிறது. பலகைத் தடுப்பு சுவராகாது. தீக்கதவுக்குக் கட்டை கொடுத்துத் திறந்து வைத்தால், சுவர் காகிதத்தில்தான் நிற்கும்.

ஆகவே நாம் கேட்கிறோம்: வரைபடத்தைப் பார்த்துக் கையெழுத்திடுவது சோதனையா? இன்ஸ்பெக்டர் நேரில் வந்து டேப் பிடித்து அளக்கட்டும். இடைத்தட்டையும் சாய்ப்பையும் சேர்க்கட்டும். தொழிற்சங்கப் பிரதிநிதி உடன் நிற்கட்டும். கணக்கு 11,900 என்று வந்துவிட்டால் நெருப்பு வாசலில் நின்றுவிடாது. விதி வகுத்திருப்பது குறைந்தபட்சப் பாதுகாப்பு; அதிலும் திருட்டை அனுமதிக்க முடியாது!