ஆத்துக்கு வாங்க, ஆனா இறங்காதீங்க!

போன ஞாயித்துக்கிழமை ஊர்ல இருந்தேன். அக்கா பையனைக் கூட்டிக்கிட்டு காவிரிக்கரையில இருக்குற ஒரு பூங்காவுக்குப் போனோம். எந்த இடம்னு சொல்லலை. உங்க ஊர் ஆத்தங்கரையிலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கும்: நாலு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், சுண்டல் வண்டி, அப்புறம் 'இங்கு குளிக்கத் தடை. மீறினால் நடவடிக்கை' போர்டு. புளிசாதமும் வறுவலும் தின்னு முடிச்சதும் பையன் கேட்டான்:

"மாமா, ஆத்துக்கு வந்துட்டு ஏன் ஆத்துல இறங்கக் கூடாது?"

"ஆழம்டா."

"எவ்ளோ ஆழம்?"

பதில் தெரியலை. போர்டுலயும் இல்லை. அந்த போர்டுக்குக் கீழயே ஐம்பது பேர் குளிச்சிக்கிட்டு இருந்தாங்க :-)

மேட்டருக்கு வர்றேன். தடை போட்டா சாவு குறையும்னு சொல்ற புண்ணியவான்களே, அந்த போர்டை யாராவது நம்புறாங்களா? கணுக்கால் அளவு தண்ணி ஓடுற இடத்துலயும் அதே வாசகம். மணல் அள்ளின பள்ளத்துல ரெண்டாவது அடியில ஆளே முங்குற இடத்துலயும் அதே வாசகம். நம்ம பொழப்புல சொல்லணும்னா, எல்லா கோளாறுக்கும் ஒரே எரர் மெசேஜ். பத்து தடவை பொய்னு தெரிஞ்சா பதினோராவது தடவை எவன் படிப்பான்?

எல்லா இடத்துலயும் இறங்க விடுங்கன்னு நான் சொல்லலை. அணைக்குக் கீழே கூடவே கூடாது. மேலேர்ந்து விழற தண்ணி அடியில போய், சுழண்டு, திரும்ப அணைப் பக்கமே இழுக்கும். நல்லா நீச்சல் தெரிஞ்சவனும் அதுல சிக்கினா வெளிய வர்றது கஷ்டம். முக்கொம்புல 1830கள்ல ஆர்தர் காட்டன் கட்டின மேலணையில, 2018 ஆகஸ்ட்ல 9 மதகு அடிச்சிக்கிட்டுப் போச்சே, ஞாபகம் இருக்கா? அந்தத் தண்ணிக்கு முன்னாடி நாமெல்லாம் எம்மாத்திரம்? அதைத்தானே போர்டுல எழுதணும்? 'ஏன்'னு சொல்லாத தடை வெறும் மிரட்டல்.

பாரிஸ்ல சேன் ஆத்துல குளிக்க 1923ல தடை போட்டாங்க. நூறு வருஷம் கழிச்சு, 2025 ஜூலையில 3 இடத்துல திறந்து விட்டாங்க. எல்லை காட்ட மிதவை, கண்காணிக்க ஆள், தண்ணி சரியில்லாத நாள்ல மூடிடறது. "அவங்ககிட்ட காசு இருக்கு"ன்னு ஆரம்பிக்காதீங்க. சாக்கடையைச் சுத்தம் பண்ணத்தான் கோடிக்கணக்குல காசு. ஆழம் காட்ட பெயிண்ட் அடிச்ச கம்பத்துக்கும், கயிறுக்கும், மிதவைக்கும், ரெண்டு உள்ளூர் நீச்சல்காரங்க சம்பளத்துக்கும் எவ்வளவு ஆகிடும்?

"குடிச்சிட்டு இறங்குறான், சாவுறான்"னு ஒரு குரூப் வரும். குடிக்காத ஸ்கூல் பசங்க சாவுறதுக்கு என்ன சொல்வீங்க? ஒருத்தன் முங்க, காப்பாத்தப் போன இன்னொருத்தனும் முங்கின செய்தியை எத்தனை தடவை படிச்சிருக்கோம்? பின்னாடியே குதிக்காதே, வேட்டியையோ கயிறையோ காலி கேனையோ தூக்கிப் போடுன்னு நமக்கு எந்த வாத்தியாராவது சொல்லித் தந்தாரா? 2021ல மட்டும் உலகத்துல சுமார் 3 லட்சம் பேர் தண்ணியில மூழ்கி இறந்ததா உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது. அவங்க சொல்ற வழிகள்ல ஒண்ணு, பள்ளிக்கூடப் பசங்களுக்கு நீச்சல் கத்துக் கொடுக்குறது. நாம என்ன பண்றோம்? வேலியைப் போட்டுட்டு ஊஞ்சல் கட்டி விடறோம்.

அடுத்தவனை மட்டும் திட்டுறது நியாயம் இல்லை. எங்க தாத்தா அக்கரைக்கு நீந்திப் போய்ட்டு வந்தவர். அப்பாவுக்கு சுமாரா தெரியும். காவிரிக்கரையில பொறந்து, எஞ்சினியரிங் முடிச்சு, இருபத்தெட்டு வயசு ஆன எனக்கு மிதக்கக்கூடத் தெரியாது. "படிக்கிற பையன், ஆத்துப் பக்கம் போகாதே"ன்னு வளர்த்தாங்க. அன்னிக்கு அந்தப் பையன் கால் வழுக்கி விழுந்திருந்தா, கரையில நின்னு கத்துறதைத் தவிர நான் என்ன பண்ணியிருப்பேன்? நினைச்சா ராத்திரி தூக்கம் வரலை. அதான் இந்தப் பதிவு.

டிஸ்கி: ஆபீஸ் பக்கத்து நீச்சல் குளத்துல பணம் கட்டிட்டேன். கூடப் படிக்கிறவங்க எல்லாம் எட்டு வயசு. கும்முறவங்க பின்னூட்டத்துல கும்மலாம். ஆனா உங்களுக்கு நீந்தத் தெரியுமான்னு முதல்ல சொல்லிட்டு கும்முங்க.