குளக்கரையில் ஒரு தமிழ்ப்பாடம்

சங்க இலக்கியத்தை நாம் கற்பிக்கிறோம். குருகு, நாரை, அன்னம், அன்றில் எனப் பறவைப் பெயர்களை மாணவர்கள் நிரல்பட எழுதி மதிப்பெண்ணும் பெறுகின்றனர். ஆயின், குளத்தில் நீந்தும் ஒரு பறவையைச் சுட்டி, இது யாது என வினவினால் விடை கிடைப்பது அரிதாக உள்ளது. பெயர் ஏட்டில் இருக்கப் பொருள் கண்ணினின்றும் மறைந்துவிட்ட இந்நிலை மொழிக்கு நன்றன்று என்பது நம் கருத்து.

இக்குறை தீர நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நெல்லை மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில் உள்ளது கூந்தன்குளம். 1994ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாயிற்று. பன்னாட்டுச் சிறப்புடைய ராம்சர் நீர்நிலையாக 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழையால் குளம் நிறைந்தபின் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் கூட்டங்கூட்டமாக வந்திறங்குகின்றன. அவற்றோடு வருவது வரித்தலை வாத்து. வெண்ணிறத் தலையின் பின்புறம் இரண்டு கரிய பட்டைகள் கொண்ட இப்பறவை, மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் இமயத்தைக் கடந்து தெற்கே வருவது. இது 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறந்ததைக் கருவிகள் பதிவு செய்துள்ளன.

இவ்விடத்துப் பிசிராந்தையார் நம் நினைவிற்கு வருகிறார். குமரித் துறையில் இரையுண்டு வடக்கேயுள்ள மலைக்குத் திரும்பும் ஆண் அன்னத்தை அழைத்து, இடைவழியில் உறையூரில் தங்கித் தம் நண்பன் கோப்பெருஞ்சோழனைக் காணுமாறு வேண்டுகிறார் அப்புலவர். அப்பாட்டு புறநானூற்றில் உள்ளது. அந்த அன்னம் இந்த வாத்துத்தானா? வழி பொருந்துகிறது, உணவு பொருந்தவில்லை. அவர் அன்னம் அயிரை மீன் உண்கிறது. வரித்தலை வாத்தோ பெரும்பாலும் புல்லும் பயிரும் மேய்வது. இவ்வினாவை எழுப்ப உரைநூல் மட்டும் போதாது. குளக்கரையில் நின்ற கண்ணும் வேண்டும்.

காண்பதற்கும் ஒரு முறைமை உண்டு. பகலில் நீரில் ஓய்ந்திருக்கும் வாத்துகளைக் கல்லெறிந்தோ கூச்சலிட்டோ எழுப்புவது, அவை நெடும்பயணத்திற்குச் சேர்த்துவைக்கும் வலிமையை வீணாக்குவதாகும். கூந்தன்குளத்து மக்கள் இதனை எவரிடமும் பாடங்கேட்டு அறியவில்லை. ஊர் மரங்களில் கூழைக்கடாவும் நாரையும் கூடு கட்ட இடம் தந்த அவர்கள், பறவைகள் அஞ்சுமென்று வெடி வெடிப்பதையும் தவிர்த்தனர். பறவை எச்சம் கலந்த குளத்து நீர் தம் வயலுக்கு உரமாவதையும் அவர்கள் அறிவர். அன்பும் பயனும் ஒருங்கே நின்றமையால்தான் அக்காவல் நிலைத்தது.

பல ஊர்களிலோ குளங்கள் தூர்ந்தும் குப்பை நிறைந்தும் கிடக்கின்றன. நீர் போனால் பறவை போகும். பறவை போனால் அதன் பெயரும் அகராதியில் மட்டுமே எஞ்சும். எனவே தமிழ்த்துறை மாணவர்களை ஆண்டுதோறும் சனவரியில் ஒருமுறையேனும் அருகிலுள்ள குளத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்கிறோம். 1987 முதல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறும் மாதமும் அதுவே. கண்ட பறவை, அதன் எண்ணிக்கை, அதற்கு அவ்வூரார் வழங்கும் பெயர் ஆகிய மூன்றையும் மாணவர்கள் குறித்து வரட்டும். எண்ணிக்கை குளத்தைக் காக்கச் சான்றாகும். ஊர்ப்பெயர் தமிழுக்குச் செல்வமாகும்.

ஊர்ப் பெரியோர்களும் தம் இளமையில் அறிந்த பறவைப் பெயர்களை இம்மாணவர்களுக்குச் சொல்லித்தர முன்வருவார்களாக. அப்பெயர்களுள் பல, இன்று எழுதிக்கொள்ளாவிடில் நாளை கேட்பதற்கு ஆளின்றிப் போகும்.