அறுத்த கட்டியைக் குப்பையில் போடாதீர்கள்!

தொடையில் ஒரு கட்டி. வலி இல்லை. தொட்டால் மெத்தென்று இருக்கிறது.

ஆலங்குடிப் பக்கத்தில் கடலைக் கொல்லையில் பாடுபடும் விவசாயி ஒருவருக்கு இப்படி ஒரு கட்டி இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். என்ன நடக்கும்?

"வெறும் கொழுப்புக் கட்டிதான்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். "மஞ்சள் பத்துப் போடு" என்பாள் பெரியம்மா. ஒரு நாள் கட்டியை அறுத்து எடுப்பார்கள். அறுத்த சதை குப்பைக் கூடைக்குப் போய்விடும்!

தவறு அங்கேதான் நடக்கிறது. அந்தச் சதையில்தான் அவருடைய எதிர்காலமே எழுதப்பட்டிருக்கிறது.

உருவம் ஒன்று, நோய் பல

தோலிலும் சதையிலும் வரும் கட்டிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை ஆபத்து இல்லாதவை. சில மட்டும் "சார்கோமா" என்ற புற்று நோய். பெரியவர்களுக்கு வரும் புற்று நோயில் 100-க்கு ஒன்றுதான் இது. அபூர்வமாக வருவதால்தான் இது ஆளை ஏமாற்றுகிறது.

இதற்கு நேர்மாறான கட்டியும் இருக்கிறது. 1955-ம் ஆண்டு அமெரிக்க டாக்டர்கள் அதை விவரித்து எழுதினார்கள். முன்கையில் சில வாரங்களிலேயே மளமளவென்று வளரும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் புற்று போலவே தோன்றும். ஆனால் அது புற்று அல்ல! சில வேளை தானாகவே சுருங்கிவிடும். இதை அடையாளம் தெரியாமல் புற்று என்று முடிவு கட்டினால், தேவை இல்லாத பெரிய ஆபரேஷனில்தான் போய் முடியும்.

முள் தந்த வீக்கம்

மூன்றாவது ஒன்று, நம் பக்கத்து ஊரின் பெயரையே தாங்கியது. அதுதான் "மதுரைக் கால்". 1842-ம் ஆண்டு மதுரையில் ஜான் கில் என்ற டாக்டர் இதைப்பற்றி எழுதினார்.

செருப்பு இல்லாமல் நடப்பவர் காலில் முள் தைக்கும். மண்ணில் உள்ள கிருமியோ, பூஞ்சைக் காளானோ உள்ளே புகுந்துவிடும். பாதம் வருஷக்கணக்கில் மெல்ல வீங்கும். பிறகு துளை விழுந்து, சீழில் மணல் போலக் குருணை வரும். துளை விழும் முன்பு பார்த்தால் சதைக் கட்டி போலவே இருக்கும்.

கிருமியால் வந்தது என்றால் மருந்திலேயே குணமாக வழி உண்டு. காளானால் வந்தது என்றால் நீண்ட வைத்தியம் வேண்டும், ஆபரேஷனும் தேவைப்படலாம்.

ஆக, ஒரு கட்டியைச் சும்மா விட்டுவிடலாம். ஒன்றுக்கு மருந்து. இன்னொன்றைச் சுற்றியுள்ள நல்ல சதையோடு சேர்த்து எடுக்க வேண்டும். எது எது என்று தெரியாமல் கத்தியை எடுக்கலாமா?

முகம் தெரியாத டாக்டர்

இதைச் சொல்பவர் பெத்தாலஜி டாக்டர். நோயாளி பெரும்பாலும் அவர் முகத்தைப் பார்ப்பதே இல்லை.

சதைத் துண்டைப் பார்மலினில் போட்டு அனுப்புவார்கள். அதை மெழுகில் பதித்துச் சீவுவார்கள். ஒரு மில்லிமீட்டரை 1,000 பங்கு ஆக்கினால், அதில் 3 அல்லது 4 பங்கு கனம்தான் இருக்கும்! நீலமும் ரோஜா நிறமும் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். இதுதான் "பயாப்ஸி".

வயது என்ன, கட்டி எங்கே இருந்தது, எத்தனை நாளாக வளர்ந்தது என்ற விவரம் சீட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கைதேர்ந்தவரும் தடுமாறுவார். சந்தேகம் வந்தால் வேறு சோதனைகள் செய்வார். இன்னொரு நிபுணரையும் கேட்பார். அது தெரியாத்தனம் அல்ல, பொறுப்பு. அதற்காகச் சில நாள் காத்திருப்பது வீண் அல்ல.

"கத்தி பட்டால் புற்று பரவும்" என்று பலர் பயப்படுகிறார்கள். முறைப்படி செய்தால் அப்படி நேர்வது மிக அபூர்வம். சோதிக்காமல் விடுவதில்தான் நஷ்டம் அதிகம்.

புதுக்கோட்டையின் மகள்

1886-ம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. 1912-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1923-ல் தங்கையைப் புற்று நோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரம் 1954-ல் அடையாறு புற்று நோய் ஆஸ்பத்திரியாக எழுந்தது.

அவர் பிறந்த ஊரிலும் 2017-ம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. இனியும் கட்டியைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யலாமா?

கட்டி பெரிதாக இருந்தாலோ, ஆழத்தில் இருந்தாலோ, வேகமாக வளர்ந்தாலோ, அறுப்பதற்கு முன்பே ஸ்கேனும் ஊசிச் சோதனையும் தேவை. சிறிய கட்டியை எடுத்தால், "பயாப்ஸிக்கு அனுப்பினீர்களா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது குற்றம் அல்ல. ரிப்போர்ட்டை நிலப் பத்திரம் போலப் பெட்டியில் வையுங்கள்.

கண்ணால் காண்பதும் பொய். காதால் கேட்பதும் பொய். தீர விசாரிப்பதே மெய். கட்டிக்கும் அதுதான் நீதி!