வசியமா, அறிதுயிலா?

ஹிப்னோதெரபி என்று வழங்கும் சிகிச்சையைப் பற்றித் தமிழில் அறிய முற்படும் ஒருவர் முதலில் இடறி விழுவது ஒரு சொல்லில்தான். மனோவசியம், மனவசிய சிகிச்சை, வசியக்கலை என்றெல்லாம் நம் பத்திரிகைகளும் சுவரொட்டிகளும் பல்லாண்டுகளாக அதை அழைத்து வந்திருக்கின்றன. வசியம் என்பது மாந்திரிக நூல்கள் பேசும் எட்டுக் கருமங்களுள் ஒன்று. மோகனம், தம்பனம், உச்சாடனம், மாரணம் ஆகியவை அதன் உடன்பிறப்புகள். ஒருவர் தம் ஆற்றலால் இன்னொருவரின் விருப்பத்தைத் தம் வயப்படுத்துவது என்பதே அதன் பொருள். இப்பெயரைச் சூடிக்கொண்டு ஒரு சிகிச்சை வரும்போது, அதனால் பயனடையக்கூடியவர் அஞ்சி விலகுகிறார். ஏமாற்ற நினைப்பவருக்கோ அச்சொல்லே முதலாகிறது. ஆகவே இச்சொல்லைக் கைவிட வேண்டும் என்பது நம் கருத்து. பத்திரிகைத் தமிழையும் மேடைத் தமிழையும் செப்பம் செய்த திரு.வி.க. வாழ்ந்த ராயப்பேட்டையிலிருந்து எழுதுகிற நமக்குச் சொல்லைப் பற்றிய இக்கவலை இயல்பானதே.

இச்சிகிச்சையின் வரலாறு ஒரு பிழையான நம்பிக்கையில் தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிரான்ஸ் மெஸ்மர் என்ற மருத்துவர், கண்ணுக்குப் புலப்படாத ஒரு காந்தப் பாய்மத்தைத் தாம் நோயாளிக்குள் செலுத்தி நோயைத் தீர்ப்பதாகக் கூறினார். 1784இல் பிரெஞ்சு அரசர் அமைத்த குழு அதைச் சோதித்தது. பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் லவாய்சியேவும் அக்குழுவில் இருந்தனர். அத்தகைய பாய்மம் எதுவும் இல்லை, விளைவுகளுக்குக் காரணம் நோயாளியின் கற்பனையே என்று குழு முடிவு கூறியது. கற்பனை உடலில் இத்தனை மாற்றத்தை உண்டாக்குமெனில், அதையல்லவா ஆராய வேண்டும்? அவ்வழியில் அழுத்தமான முதல் அடிகளை வைத்தவர்களுள் ஓர் இந்தியரும் உண்டு என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

அவர் கோவாவின் காண்டோலிமில் 1756இல் பிறந்த ஆபே ஃபரியா என்ற பாதிரியார். 1813இல் பாரிஸில் பொது விரிவுரைகளைத் தொடங்கினார். வந்தவரை நாற்காலியில் அமர்த்தி, கண்களை மூடி உறக்கத்தை நினைக்கச் சொல்லி, பின் உறங்குமாறு பணிப்பார். அவர் சொன்ன கருத்து எளியது: உறங்கச் செய்பவரிடம் எந்தச் சக்தியும் இல்லை, நிகழ்வதெல்லாம் உறங்குபவரின் மனத்திலேயே நிகழ்கிறது. அதனால்தான் சிலருக்கு அது எளிதில் கூடுகிறது, சிலருக்குக் கூடுவதே இல்லை. அவரது நூல் 1819இல் வெளிவந்தது. அவ்வாண்டே அவர் மறைந்தார். அலெக்ஸாண்டர் டூமாவின் மாண்டி கிறிஸ்டோ நாவலில் சிறைக்குள் வரும் பாதிரியாரின் பெயராக அவரை அறிந்த இலக்கிய வாசகர்கள், பணஜியில் நிற்கும் அவரது சிலையையும் ஒருமுறை பார்த்து வரலாம்.

எனினும் ஃபரியாவின் கருத்து அவர் பிறந்த நாட்டில்கூட உடனே வேர்கொள்ளவில்லை. வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற அறுவை மருத்துவர், 1845 முதல் மெஸ்மர் முறையில் நோயாளிகளை உணர்விழக்கச் செய்து பெரிய கட்டிகளை அகற்றினார். மயக்க மருந்து புழக்கத்துக்கு வராத காலம் அது. ஆயினும் அவர் மெஸ்மரின் பாய்மத்தையே நம்பினார். நம் ஊருக்கு இன்னும் அருகிலுள்ள சான்று, அடையாற்றில் தலைமையகம் கொண்ட பிரம்மஞான சபையின் தலைவர் கர்னல் ஆல்காட். இலங்கையில் 1882இல், வாதத்தால் முடங்கிய ஒருவரைக் கைகளால் தடவி அவர் குணப்படுத்தியதாகச் செய்தி பரவியது. அடுத்த ஆண்டு அவர் சென்ற ஊர்களிலெல்லாம் நோயாளிகள் கூட்டமாக மொய்த்தனர். தம் உயிராற்றலே அவர்களுக்குள் பாய்வதாக அவர் கருதினார். ஃபரியா மறைந்து அறுபதாண்டுகளுக்கு மேல் ஆன பின்பும், குணம் தருபவரின் கையிலேயே சக்தி இருப்பதாக நம்பப்பட்டது. நம்முடைய வசியம் என்ற சொல்லும் இதே நம்பிக்கையைத்தான் சுமந்து நிற்கிறது.

இனி, இன்றைய சிகிச்சை அறையில் நடப்பதைப் பார்ப்போம். மருத்துவர் முதலில் நோயின் வரலாற்றைக் கேட்டறிகிறார். பின்பு மூச்சின் மீதோ ஒரு காட்சியின் மீதோ நோயாளியின் கவனத்தைக் குவிக்கச் செய்கிறார். உடல் தளர்ந்து, புறச்சத்தங்கள் பின்னுக்குப் போன நிலையில், இருவரும் முன்பே பேசி ஒப்புக்கொண்ட கருத்துகளை நிதானமான குரலில் கூறுகிறார். முடிவில் இயல்பு நிலைக்குத் திரும்ப வழிகாட்டுகிறார். நோயாளி தூங்குவதில்லை, பேச்சைக் கேட்கிறார், பதில் கூறுகிறார், பெரும்பாலும் நடந்ததை நினைவிலும் வைத்திருக்கிறார். விரும்பினால் கண்ணைத் திறந்து எழுந்துவிடலாம். மருத்துவர் பாதியில் எழுந்து போய்விட்டாலும் அவர் அந்நிலையிலேயே சிக்கிக்கொள்வதில்லை. நல்ல நாவலில் ஆழ்ந்தவருக்குப் பெயர் சொல்லி அழைப்பதுகூடக் கேட்காமல் போவதுண்டு. அதற்கு நெருங்கிய அனுபவம் இது.

இதன் பயன் எவ்வளவு? வலியைத் தாங்குவதிலும், சிகிச்சைக்கு முந்திய பதற்றத்தைத் தணிப்பதிலும் இது துணை செய்வதற்குச் சான்றுகள் உண்டு. எரிச்சல் குடல் நோய்க்கு மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் குழுவினர் 1984இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. மருந்துகளுக்குப் பன்னிரண்டு மாதங்களாகியும் கட்டுப்படாத அந்நோய்க்கு இதைப் பரிசீலிக்கலாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2008இல் வழிகாட்டியது. புகைப்பழக்கத்தை விடுவிப்பதில் இது பிற முறைகளைவிடச் சிறந்தது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றது 2019இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு. ஆக, இது சில நோய்களுக்கு, சிலருக்கு, ஒரு துணைக் கருவி.

மிக எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் நினைவு. புதைந்த நினைவுகளை மீட்டுத் தருவதாகவும், முற்பிறவியைக் காட்டுவதாகவும் விளம்பரங்கள் சென்னையிலும் உண்டு. இந்நிலையில் கற்பனை தளர்வாக இயங்குகிறது. வினவுபவரின் எதிர்பார்ப்பை மனம் எளிதில் ஏற்று, இல்லாததை நிகழ்ந்ததாகவே கட்டிவிடுகிறது. இவ்வாறு பெறும் நினைவுகளில் புனைவு கலக்கிறது, நம்பகத்தன்மை கூடுவதில்லை என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு 1985இலேயே எச்சரித்தது. முற்பிறவிக் கதையால் பெருங்கேடு இல்லை எனலாம். ஆனால், இளமையில் இன்னார் தமக்குத் தீங்கிழைத்தார் என்ற பொய்நினைவு ஒருவருக்கு உருவானால், ஒரு குடும்பமே சிதையும். வசியம் என்ற சொல் இவ்விடத்தில்தான் உண்மையான தீமை செய்கிறது. தம் உள்ளத்தைத் திறந்து பார்க்க இன்னொருவரால் இயலும் என்று நம்பி வருபவர், அங்கே தாமே புனைந்ததைக் கண்டெடுத்த உண்மையாகக் கொள்கிறார்.

எனவே தொடக்கநிலையில் இருப்பவர் நினைவில் கொள்ள வேண்டியவை சிலவே. முதலில் நோயைக் கண்டறிய வேண்டும். அது மனநல மருத்துவரின் அல்லது முறையாகப் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரின் வேலை. இம்முறை இல்லாமலும் அந்நோய்க்குச் சிகிச்சையளிக்கும் தகுதி உடையவரே இம்முறையைக் கையாளத் தகுந்தவர். மனப்பிறழ்வு நோய் உள்ளவர்களுக்கு இது பொதுவாக ஏற்றதன்று. ஒரே அமர்வில் குணம் என்று உறுதி கூறுபவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

சொல்லுக்கு மீள்வோம். உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஹிப்னாடிசம் என்ற பெயரை 1840களில் பரப்பிய ஜேம்ஸ் பிரெய்டு, இது உறக்கமே அன்று என உணர்ந்து வேறு பெயருக்கு மாற முயன்றார், உலகம் கேட்கவில்லை. தமிழுக்கு அந்த நெருக்கடி இல்லை. ராயப்பேட்டையை அடுத்த திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலுக்குள் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். யாவும் அறிந்தபடியே துயிலும் அந்நிலைக்கு நம் முன்னோர் அறிதுயில் என்று பெயரிட்டனர். இச்சிகிச்சைக்கும் அச்சொல்லை ஆள்வோர் ஏற்கெனவே உள்ளனர். துயில் என்ற பகுதி தரும் மயக்கத்தை அறி என்ற பகுதி திருத்திவிடுகிறது. அறிவு துயில்பவரிடமே இருக்கிறது என்பதையும் அது சொல்லிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர்களும் பத்திரிகை ஆசிரியர்களும் மனவசியத்தை விடுத்து அறிதுயில் சிகிச்சை என்றே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.