எல்லோருக்கும் ஒரே ஜெல்லி!

என்ன குட்டீஸ், பிறந்த நாளுக்கு வீட்டிலேயே பழ ஜெல்லி செய்து நண்பர்களை அசத்தப் போகிறீர்களா? சபாஷ்! அதற்கு முன் ஒரு கேள்வி. ஜெல்லி கெட்டியாவது எதனால், தெரியுமா?

பல ஜெல்லிகளில் சேர்க்கப்படுவது ஜெலட்டின். மாடு, பன்றி போன்றவற்றின் தோலிலும் எலும்பிலும் உள்ள 'கொலாஜன்' என்ற புரதத்திலிருந்து அதை எடுக்கிறார்கள். திமிரி, ஆற்காடு, ராணிப்பேட்டை பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தோல் பதனிடும் தொழில் நன்றாகத் தெரியும். அங்கே பதப்படுத்திச் செருப்பாகவும் பையாகவும் மாறும் தோலில் இருப்பதும் இதே கொலாஜன்தான்!

ஜெலட்டின் கெட்ட பொருள் அல்ல. ஆனால், உங்கள் வகுப்பில் சைவம் மட்டும் சாப்பிடும் தோழி இருப்பாள். மாட்டிறைச்சி சாப்பிடாதவன் இருப்பான். பன்றியிலிருந்து எடுத்த எதையும் தொடாத நண்பனும் இருப்பான். அவர்களுக்குச் சொல்லாமல் கொடுப்பது சரியல்ல. 'தெரியாமல்தானே சாப்பிட்டார்கள்' என்பது சமாதானம் ஆகாது. நம்பித்தானே உங்கள் வீட்டுக்கு வருகிறார்கள்?

இதற்கு ஓர் அருமையான வழி இருக்கிறது: கடல்பாசி! நோன்புக் காலத்தில் பல முஸ்லிம் வீடுகளில் செய்வார்களே, அதேதான். கடைகளில் 'சைனா கிராஸ்', 'அகர் அகர்' என்று கேட்டால் கிடைக்கும். இது கடலில் வளரும் பாசியிலிருந்து வருவது. ராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பெண்கள் கடலில் மூழ்கி, இதற்கான பாசியைச் சேகரிக்கிறார்கள்.

10 கிராம் கடல்பாசியை நறுக்கி, 4 டம்ளர் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். அம்மா அல்லது அப்பா துணையோடு, அது முழுவதும் கரையும்வரை கொதிக்கவிட்டு, சர்க்கரை சேர்த்து இறக்குங்கள். பழத்துண்டுகள் போட்ட தட்டில் ஊற்றுங்கள். மின்சாரம் போனாலும் கவலையில்லை, வெளியிலேயே உறைந்துவிடும். பிறகு குளிரவைத்துச் சாப்பிடலாம்.

இன்னொரு லாபமும் உண்டு. பச்சை அன்னாசி, பப்பாளியில் உள்ள நொதிகள் புரதத்தைச் சிதைப்பதால், அவற்றைப் போட்டால் ஜெலட்டின் உறையாது. கடல்பாசி புரதம் அல்ல, அதனால் உறைந்துவிடும்!

கடையில் ஜெல்லி பாக்கெட் வாங்கினால் குறியைப் பாருங்கள். பச்சை வட்டம் என்றால் சைவம். பழுப்பு முக்கோணம் என்றால் அசைவம்.

ஒரே தட்டிலிருந்து எல்லோரும் எடுத்துச் சாப்பிடுவதுதானே விருந்து? இனி ஜெல்லி செய்யும்போது, யார் யார் வருகிறார்கள் என்று முதலில் யோசிப்பீர்கள்தானே குட்டீஸ்?